வளையமணிந்த விருந்தாளிகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்குகின்றனர். அவர்களுக்குப் பெட்டியும் இல்லை, படுக்கையும் இல்லை, பயணச்சீட்டும் இல்லை. நாம் காலாண்டுத் தேர்வுக்குப் பாடங்களை உருப்போட்டுக்கொண்டிருக்கும் அதே நாட்களில் அவர்கள் ஓசையின்றி நம் ஊருக்குள் நுழைந்துவிடுகின்றனர். வயல் வரப்பில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் மஞ்சள் வாலாட்டி, ஏற்காட்டு ஓடைப் பாறைகளில் தத்தும் சாம்பல் நிற வாலாட்டி, கிளுவை வேலியின் உச்சியில் அமர்ந்து கரகரத்த குரல் கொடுக்கும் பழுப்புக் கீச்சான், மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், சோளக்காட்டில் மேகம்போல் இறங்கும் சோளக்குருவி ஆகிய யாவும் அந்த விருந்தாளிகளே. கோடை வெயில் ஏறியதும் இவை வந்த திசையை நோக்கித் திரும்பிவிடுகின்றன. இப்பயணத்தை நம் முன்னோர் 'வலசை' என்று அழைத்தனர்.

இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன? எந்த வழியாக வருகின்றன? சென்ற ஆண்டு நம் வேலியில் அமர்ந்த கீச்சான்தான் இந்த ஆண்டும் வந்திருக்கிறதா? பார்வைக்கு எல்லாக் கீச்சானும் ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணால் மட்டும் பார்த்து இவற்றுக்கு விடை கூற இயலாது. விடை தந்தது ஒரு சிறு உலோக வளையம். அவ்வளையத்தைப் பற்றியும், அதை அணிவிக்கும் நிலையங்களில் தொண்டாற்றுவோரைப் பற்றியும், அத்தொண்டில் நம்மைப் போன்ற மாணவியருக்கு உள்ள பங்கைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு கடிதம் தீர்த்த ஐயம்

குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன என்பது நெடுங்காலம் புரியாத புதிராகவே இருந்தது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில்கூடத் தகைவிலான்களிற் சில தொலைநாடு செல்லாமல் பொந்துகளில் ஒளிந்துகொள்கின்றன என்று எழுதினார். ஐரோப்பாவில் பலர் அவை குளத்துச் சேற்றில் புதைந்து உறங்குவதாக நம்பினர்.

டென்மார்க் நாட்டில் வீபோர்க் என்னும் ஊரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர் முதலில் துத்தநாகத்தால் வளையம் செய்து பார்த்தார். அது பறவைக்குப் பாரமாக இருந்தது. பின்னர் 1899-ஆம் ஆண்டில் எடை குறைந்த அலுமினியத்தால் வளையங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணையும் முகவரியையும் பொறித்து, 165 மைனா இனப் பறவைகளின் காலில் அணிவித்துப் பறக்கவிட்டார். இன்று உலகமெங்கும் நடைபெறும் பறவை வளையமிடும் பணிக்கு ஒரு பள்ளி ஆசிரியரே வழிகாட்டி என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ!

அவர் காட்டிய வழியில் 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் ஒரு வழக்கறிஞர் தம் வீட்டுத் தகைவிலான் ஒன்றுக்கு வளையம் அணிவித்தார். 1912 டிசம்பரில் அதே பறவை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டுக்குள் பிடிபட்டது. அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் வளையத்தில் இருந்த லண்டன் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தார். அவ்வளவுதான்! இங்கிலாந்துத் தகைவிலான் குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவின் தென்கோடிவரை செல்கிறது என்ற உண்மை உலகுக்கு விளங்கியது.

இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வளையம் அணிவித்தவர் ஒருவர். கடிதம் எழுதியவர் மற்றொருவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. வளையத்தை வேடிக்கைப் பொருளாக எண்ணிப் பேழையில் போட்டுவிட்டு யாரும் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால், வழக்கறிஞரின் உழைப்பு வீணாகியிருக்கும். ஆகவே வளையமிடும் பணியில் பாதி நிலையத்தில் நடைபெறுகிறது. மறுபாதி எங்கோ ஒரு சிற்றூரில், பறவையைக் காணும் சாதாரண மனிதரின் கையில் இருக்கிறது.

நம் நாட்டில் வளையம்

இந்தியாவில் இப்பணியை முன்னின்று நடத்தி வருவது 1883-இல் தொடங்கப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆகும். 1920-களில் தார் சமஸ்தானத்து மகாராஜாவின் ஆதரவோடு சிறிய அளவில் தொடங்கிய வேலை, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் பெரும்பணியாக வளர்ந்தது.

சாலிம் அலி 1896-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, 1908-இல், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் புள்ளி இருந்தது. 'இது என்ன குருவி?' என்று கேட்டார். வீட்டில் விடை கிடைக்காமையால், குருவியை எடுத்துக்கொண்டு இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளரிடம் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த அன்பான விளக்கம் அவர் வாழ்வையே திருப்பிவிட்டது. பிற்காலத்தில், 1985-இல், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அதற்கு 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்ற பொருள்படவே பெயரிட்டார். 1987-இல் மறையும்வரை பறவைகளே அவருடைய உலகமாக இருந்தன. கேள்வி கேட்கும் குழந்தையை அதட்டி அனுப்பாத பெரியவர்கள் எத்தகைய நன்மையைச் செய்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன, மக்களும் நோயுற்றனர். கியாசனூர்க் காட்டு நோய் எனப்பட்ட அதற்குக் காரணமான கிருமி, ரஷ்ய நாட்டுக் கிருமி ஒன்றோடு உறவுடையதாகக் காணப்பட்டது. அதனால், வடக்கேயிருந்து வரும் பறவைகள்மேல் தொற்றியிருந்த உண்ணிகளின் வழியாக அது வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. இதனை ஆராய உலகச் சுகாதார நிறுவனம் பொருளுதவி செய்தது. 1960-களில் பல்லாயிரம் பறவைகள் பிடிக்கப்பட்டு, வளையம் அணிவிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டன. பறவைகளே நோயைக் கொண்டுவந்தன என்பது மெய்ப்படவில்லை. ஆனால் அப்பணியால் நம் நாட்டுக்கு வரும் பறவைகளின் வழித்தடங்கள் பல தெரிய வந்தன. இங்கு வளையமிடப்பட்ட வாத்துகளைப் பற்றி அந்நாளைய சோவியத் நாட்டின் தொலைதூரப் பகுதிகளிலிருந்து செய்திகள் வந்தன.

முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி மிகவும் நெருக்கமானது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நம் பண்ணையாளர்களும் விலைவீழ்ச்சியால் துன்புற்றனர். அத்தகைய வேளைகளில் வெளிநாட்டுப் பறவைகள்மேல் பழி சுமத்துவது எளிது. எந்தப் பறவை, எப்போது, எவ்வழியாக வருகிறது என்பது தெரிந்தால்தான் அச்சத்தையும் உண்மையையும் பிரித்தறிய முடியும். ஆகவே வளையமிடுவது வெறும் பொழுதுபோக்கன்று.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே

நம் ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவுக்கும் எத்தனையோ குடும்பங்கள் வேளாங்கண்ணிக்குச் செல்கின்றன. காவி உடுத்தி நடந்தே செல்வோரும் உண்டு. அங்கிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால் வேதாரண்யம் வரும். நம் சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராஜாஜி 1930-இல் உப்பு எடுக்கச் சென்றது இவ்வூருக்குத்தான். அதற்கும் அப்பால், சுமார் 10 கிலோமீட்டரில், நிலம் கடலுக்குள் ஒரு மூக்குப்போல் நீண்டு முடிகிறது. அதுவே கோடிக்கரை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இப்பெயர் புதியதன்று.

கோடிக்கரையில் 1967-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002-இல் இப்பகுதி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சேற்று நிலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் திரளாகக் கூடுவதைப் பலரும் அறிவர். ஆனால் அங்குள்ள என்றும் பசுமையான உலர்காட்டில், மரக்கிளைகளுக்கிடையே, மற்றொரு கூட்டம் ஓசையின்றி இளைப்பாறுவதைப் பலர் அறியார். அவையே சிறிய பாடும் பறவைகள்.

இவை ஏன் கோடிக்கரையில் கூடுகின்றன? காரணம் எளிது. சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறந்து, பகலில் இரை தேடி ஓய்வெடுக்கின்றன. வடக்கிலிருந்து கரையோரமாக வரும் பறவைக்கு இவ்விடத்தில் நிலம் முடிந்துவிடுகிறது. எதிரே பாக் நீரிணை. அக்கரையில் உள்ள யாழ்ப்பாணக் கரையை அடைய ஏறத்தாழ 50, 60 கிலோமீட்டர் கடலைக் கடக்க வேண்டும். நடுவில் உட்காரக் கிளை இல்லை. ஆகவே கடைசி மரத்தில் தங்கிப் பூச்சிகளையும் பழங்களையும் உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு புறப்படுகின்றன. நெடும்பயணத்துக்குமுன் கட்டுச்சோறு கட்டிக்கொள்வது போன்றது இது.

இங்கு வருகின்றவற்றுள் ஆறுமணிக்குருவி அழகில் முதன்மையானது. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, மழைக்காலம் முடிந்ததும் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருவது. விடியலிலும் அந்தியிலும் மணி தவறாமல் கூவுவதால் அதற்கு இப்பெயர் வந்தது. கொடிக்கால் வாலாட்டி கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிறது. மற்ற வாலாட்டிகளைப்போல் மேலும் கீழுமாக அன்றி, இது வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் குளிர்காலத்தில் இதைக் காணலாம். பிளித் நாணல் கதிர்க்குருவியோ ஐரோப்பாவின் பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள பகுதிகளில் பிறந்து, குளிர்காலத்தைக் கழிக்க நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. அதன் எடை 11 அல்லது 12 கிராம். ஒரு கண்டத்தைக் கடந்து வந்த பறவையின் முழு எடையும் அவ்வளவுதான்.

நிலையத்தில் நடப்பது

இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடிக்கரையில் 1960-களின் இறுதியிலிருந்து பறவைகளுக்கு வளையமிட்டுள்ளனர். 1980-இல் தொடங்கிய வலசை ஆய்வுத் திட்டம் அப்பணியை மேலும் விரிவாக்கியது. அங்கு எண்பதுகளில் பணியைத் தொடங்கிப் பல பதிற்றாண்டுகள் ஆய்வு செய்த முனைவர் எஸ். பாலச்சந்திரன் தமிழகப் பறவையியலில் குறிப்பிடத்தக்கவர். அத்தகைய நிலையத்தில் நடைபெறும் வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

பொழுது புலருமுன் வலை விரிக்கப்படுகிறது. மூடுபனிபோல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கறுப்பு நைலான் வலை அது. சுமார் 12 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உடையது. இரு கம்பங்களுக்கிடையே கட்டப்படும். அதன் குறுக்கே ஓடும் கயிறுகளின்கீழ் வலை தளர்ந்து பைபோல் தொங்கும். பறந்து வரும் பறவை வலையில் மோதி, அந்தப் பையில் மெல்ல விழுந்து தங்கிவிடும்.

வலையை விரித்துவிட்டு உறங்கப் போய்விட முடியாது. அரைமணிக்கு ஒருமுறையேனும் எல்லா வலைகளையும் சுற்றிவர வேண்டும். வெயில் ஏறினாலும், மழை தூறினாலும், காற்று வலுத்தாலும் வலையைச் சுருட்டிவிட வேண்டும். சிக்கிய பறவையை எந்தப் பக்கமாக நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே, பெரும்பாலும் காலை முதலில் விடுவித்து, எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் இறகு முறியும். எடுத்த பறவையைத் துணிப்பையில் இட்டு வாயைக் கட்டினால், இருட்டில் அது அமைதியாக இருக்கும்.

பின்பு மேசைக்குக் கொண்டுவந்து, பயிற்சி பெற்றவர் பறவையை உள்ளங்கையில் மல்லாத்தி, அதன் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அமையுமாறு இறுக்காமல் பிடிக்கிறார். அதன் கால் பருமனுக்கு ஏற்ற அலுமினிய வளையத்தைத் தெரிந்தெடுத்து, அதற்கெனத் துளையிட்ட குறடால் மூடுகிறார். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் கழன்று விழவும் கூடாது. ஒவ்வொரு வளையத்திலும் ஓர் எண் இருக்கும். உலகில் வேறெந்தப் பறவைக்கும் இல்லாத எண் அது. மும்பையில் உள்ள கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

அதன்பின் சிறகின் நீளம் அளக்கப்படுகிறது. இறகுகள் பழையனவா புதியனவா என்று பார்த்து, இவ்வாண்டுக் குஞ்சா முதிர்ந்ததா என முடிவு செய்யப்படுகிறது. தொண்டைக்குழியில் உள்ள மெல்லிறகை வாயால் ஊதி விலக்கினால், தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும். அது நிறைந்திருந்தால் பறவை கடலைக் கடக்கத் தயார். வற்றியிருந்தால் அது இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது. எடையும் பார்த்தபின், ஒரு தாழ்ந்த கிளையருகே கையை விரித்தால், பறவை பறந்துவிடும். எல்லாம் முடியச் சில நிமிடங்களே ஆகும்.

தொண்டரின் பங்கு

வளையமிடுவதை எல்லோரும் செய்துவிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையைப் பிடிப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். நீண்ட பயிற்சியும் வேண்டும். ஆயினும் வளையமிடுபவர் ஒருவருக்குத் துணையாகப் பலர் தேவைப்படுகின்றனர். பறவையியல் பயிலும் மாணவ மாணவியரும் ஆர்வலர்களும் இவ்வாறு துணை நிற்கின்றனர். பிரிட்டனில் வளையமிடுவோரிலேயே பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்தாம்.

தொண்டர் செய்யும் வேலை என்ன? வலைகளைச் சுற்றிப் பார்த்தல், பைகளைத் தூக்கி வருதல், பயன்படுத்திய பைகளைத் துவைத்து உலர்த்துதல், வளையமிடுபவர் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பதிவேட்டில் எழுதுதல் ஆகியவையே. கேட்பதற்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: பதிவேட்டில் 3-க்குப் பதிலாக 8 என்று எழுதிவிட்டால், பத்தாண்டு கழித்து ஏதோ ஒரு நாட்டிலிருந்து கடிதம் வரும்போது அது வேறொரு பறவையின் கதையாக மாறிவிடும். அந்தப் பிழையைத் திருத்தப் பறவை திரும்பி வரப்போவதில்லை. நம் கணிதக் குறிப்பேட்டில் நேர்த்தியாக எழுதச் சொல்லி ஆசிரியைகள் வற்புறுத்துவதன் பொருள் இங்கே நன்கு விளங்கும்.

பொறுமையும் வேண்டும். வளையமிட்ட சிறு பறவைகள் நூற்றில் ஒன்றுகூடத் தொலைவிடத்தில் மீண்டும் கிடைப்பது அரிது. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்ற மனநிலை இருந்தால்தான் இத்தொண்டைச் செய்ய முடியும். ஆனாலும் அவ்வப்போது வியப்பு காத்திருக்கும். சென்ற ஆண்டுகளில் வளையமிட்ட பறவை அதே இடத்தில் மீண்டும் வலையில் விழுவதுண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சென்று திரும்பியும், தனக்குப் பழகிய இடத்தை அது மறக்கவில்லை!

பிடித்த கை விடுத்த கை

இங்கே ஒரு கேள்வி எழும். வேடனும் வலை விரிக்கிறான். ஆய்வாளரும் வலை விரிக்கிறார். என்ன வேறுபாடு? பறவைக்கு இரண்டும் அச்சமே. இதை மறைக்க வேண்டியதில்லை. வலையில் பறவை துன்புறுவதும், அரிதாக இறப்பதும் உண்டு என்பதை இத்துறையினரே ஒப்புக்கொள்கின்றனர். அதனால்தான் இத்தனை விதிகளும் பயிற்சியும் வகுத்துள்ளனர். ஐயம் வந்தால் வலையை மூடு, எண்ணிக்கையைவிட உயிர் பெரிது என்பதே அங்கு முதற்பாடம்.

இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முகாம்களில் பறவைகளைப் பிடித்துக் கொடுத்தவர்களுள் பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரை வேட்டையர்கள் இருந்தனர். தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்குப் பறவை பிடித்து வந்தவர்கள் அவர்கள். எந்தப் புதரில் எந்தப் பறவை எப்போது வரும் என்பதில் அவர்களுக்கு இருந்த அறிவு, புத்தகம் படித்தவர்களுக்கு இல்லை. அதே அறிவு ஆய்வுக்குப் பயன்பட்டது. திறமை மாறவில்லை, நோக்கம் மாறியது.

நாகாலாந்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 2012-இல் அங்குள்ள தொயாங் நீர்த்தேக்கத்தருகே ஆயிரக்கணக்கான அமூர் வல்லூறுகள் வலையில் பிடித்துக் கொல்லப்பட்ட செய்தி நாட்டையே வருத்தியது. ஊர்ச்சபைகளும் கிறிஸ்தவ ஆலயங்களும் தன்னார்வலர்களும் மக்களிடம் எடுத்துக் கூறினர். மறு ஆண்டே வேட்டை நின்றது. 2013 நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்கு விண்கோளோடு தொடர்புகொள்ளும் 5 கிராம் கருவி பொருத்தப்பட்டது. நாகா, பாங்தி, வோக்கா என்று அவற்றுக்குப் பெயர்கள் சூட்டப்பட்டன. அவை நம் தீபகற்பத்தைக் கடந்து, அரபிக்கடலையும் தாண்டி ஆப்பிரிக்கா சென்றதை உலகம் கண்டது.

அப்படியானால் இனி வளையம் எதற்கு என்று கேட்கலாம். கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான வரம்பு. 11 கிராம் கதிர்க்குருவிக்கு அரைகிராம்தான் தாங்கும். 5 கிராம் கருவியைக் கட்டினால் அது எப்படிப் பறக்கும்? சிறியவற்றுக்கு இன்றும் எளிய வளையமே துணை.

நம் ஊரில் நாம் செய்யக்கூடியது

நாம் கோடிக்கரையில் குடியிருக்கவில்லை. ஆயினும் தெற்கு நோக்கிப் போகும் பறவைகளிற் பல சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட நம் சமவெளியின் மேலாகவே இரவில் பறக்கின்றன. பனமரத்துப்பட்டி ஏரியும், கன்னங்குறிச்சி மூக்கனேரியும், காவிரிக்கரையும் அவற்றின் தங்குமிடங்கள். முன்பு கூறிய மறுபாதி வேலை நம்முடையது. அதற்குச் சில குறிப்புகள்:

முதலாவது, அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் நம் வீட்டுத் திண்ணையிலோ பள்ளி வராந்தாவிலோ ஒரு பறவை சோர்ந்து கிடக்கலாம். ஆறுமணிக்குருவி இவ்வாறு சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுவது பல ஊர்களில் நடப்பதே. அதைக் கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். துணியால் மெல்ல மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, பூனை எட்டாத இருட்டான இடத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். தெளிந்ததும் மரத்தடியில் பெட்டியைத் திறந்தால் பறந்துவிடும். அடிபட்டிருந்தால் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, காலில் வளையம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் படம் எடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து, மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ கொடுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றவே கூடாது. இறந்த பறவையாயின் வெறுங்கையால் தொடாதீர்கள். பந்தயப் புறாக்களின் காலிலும் வளையம் இருக்கும். அது வளர்ப்பவர் இட்டது என்பதையும் நினைவில் கொள்க.

மூன்றாவது, கையில் வலை இல்லாமலே செய்யக்கூடிய கணக்கெடுப்பு உண்டு. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதினால் போதும். பள்ளித் தோட்டத்து வேப்பமரமே போதுமான இடம். இந்த ஆண்டு முதல் வாலாட்டி எந்த நாளில் வந்தது என்று வகுப்பறைச் சுவரில் எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் அதுவே ஓர் அரிய ஆவணமாகும்.

நான்காவது, தங்குமிடத்தைக் காத்தல். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கோடிக்கரைக் காட்டில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. புயலை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஏரிக்கரையில் குப்பை கொட்டுவதையும், கிளுவை வேலியை வேரோடு பெயர்த்துக் கம்பி வேலி போடுவதையும், கண்மூடித்தனமாகப் பூச்சிமருந்து தெளிப்பதையும் குறைக்கலாம். வயலும் தோட்டமும் உடைய பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். வாலாட்டியும் கீச்சானும் தகைவிலானும் பூச்சிகளையே உண்டு வாழ்கின்றன. அவை கூலி கேளாத வேலையாட்கள்.

திருச்சபை அக்டோபர் 4-ஆம் நாளைப் புனித அசிசி பிரான்சிசின் திருநாளாகக் கொண்டாடுகிறது. பறவைகளைத் தம் சகோதரிகள் என்று அழைத்த அப்புனிதரை, 1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். நம் நாட்டில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் நாட்களிலேயே அத்திருநாள் அமைந்திருப்பது எத்துணைப் பொருத்தம்! விலை மலிந்த சிட்டுக்குருவியும் தந்தையாம் இறைவனின் நினைவுக்குத் தப்புவதில்லை என்று நம் ஆண்டவர் போதித்தார். ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனி எண் கொடுத்து, அதன் பயணத்தைக் கவனமாகக் குறித்து வைப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் போதனையின் வழியில் நடக்கின்றனர்.

தோழியரே, வளையம் அணிவிக்கும் பேறு நம்மில் ஒரு சிலருக்கே கிடைக்கலாம். ஆனால் வளையத்தைக் கண்டால் கடிதம் எழுதும் பேறு எல்லோருக்கும் உண்டு. வருகின்ற விருந்தை வரவேற்பது தமிழர் பண்பு. வரும் புரட்டாசியில் வாலாட்டி வந்திறங்கும்போது அதை ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். அதன் காலையும் பார்ப்போம்.